நலமாக இருக்கும் நாளின் மருந்து: நான்கு வயதுக் குழந்தை ஒன்றின் ஆஸ்துமா குறித்த நிகழ்வு ஆய்வு

2023 ஜனவரியில், மாட்டுப் பொங்கல் கழிந்த மூன்றாம் நாள் இரவு பதினொரு மணியளவில், நான்கு வயது இரண்டு மாதம் நிறைந்த பெண் குழந்தை ஒன்றைத் தாயும், தந்தையின் தாயான அப்பாயியும் நான் பணியாற்றும் மருத்துவமனைக்குத் தூக்கிவந்தனர். திருவாரூர் மாவட்டத்தில் வெண்ணாற்றுப் பாசனத்தைச் சேர்ந்த ஒரு சிற்றூர் அவர்களுடையது. இரண்டு நாள் சளியும் தும்மலும் இருந்து, அன்று மாலை முதல் மூச்சு வாங்கத் தொடங்கியிருந்தது. குழந்தையைப் படுக்க வைக்க முடியவில்லை. தாயின் தோளில் சாய்ந்தபடியே இருந்தது. பெயரைக் கேட்டபோது ஒரு சொல்லைச் சொல்லிவிட்டு, அடுத்த சொல்லுக்கு முன் மூச்சிழுத்துக்கொண்டது.

மூச்சு நிமிடத்துக்கு 52, நாடித் துடிப்பு 156, விரலில் மாட்டிப் பார்த்த ஆக்சிஜன் அளவு 90 விழுக்காடு. விலா எலும்புகளுக்கு இடைப்பட்ட சதையும் தொண்டைக் குழியும் ஒவ்வொரு மூச்சிலும் உள்வாங்கின. இரு பக்க நெஞ்சிலும் விசில் போன்ற வீசிங் ஓசை ஒரே அளவில் கேட்டது. இந்த வயதில் ஆக்சிஜன் 92 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கியிருந்தாலும், நாடி 150-ஐத் தாண்டியிருந்தாலும் அதைக் கடுமையான தாக்குதலாகவே கொள்ள வேண்டும். இக்குழந்தையிடம் இரண்டும் இருந்தன. ஆக்சிஜன் வைத்து, மருந்தை நுண்துளிகளாக்கித் தரும் நெபுலைசர் வழியாக, மூச்சுக்குழலைத் தளர்த்தும் சால்பியூட்டமால் 2.5 மில்லிகிராம் 20 நிமிடத்துக்கு ஒரு முறை மூன்று தடவை கொடுத்தோம். அதனுடன் அதே வேலையை வேறு வழியில் செய்யும் இப்ரட்ரோப்பியமும் சேர்த்தோம். குழந்தையின் எடை 14 கிலோ. ஸ்டீராய்டு மருந்தான பிரெட்னிசலோன் 20 மில்லிகிராம் வாய்வழியாகக் கொடுத்தோம். விடியற்காலை நான்கு மணிக்கு ஆக்சிஜன் இல்லாமலேயே அளவு 95-இல் நின்றது. இரண்டாம் நாள் இட்லி கேட்டுச் சாப்பிட்டது. மூன்றாம் நாள் வீட்டுக்கு அனுப்பினோம். பிரெட்னிசலோனை மொத்தம் ஐந்து நாள் கொடுத்து நிறுத்தினோம்.

தாக்குதலைத் தணித்த விதத்தில் புதுமை ஏதுமில்லை. எல்லா மருத்துவமனைகளிலும் இப்படித்தான் செய்வார்கள். இந்நிகழ்வை எழுதத் தூண்டியது வேறொன்று. இக்குழந்தைக்கு ஏழு மாதங்களுக்கு முன்பே, சரியான தடுப்பு மருந்தை, சரியான அளவில், நானே எழுதிக் கொடுத்திருந்தேன். அப்படியிருந்தும் அந்த இரவு வந்தது.

முன்வரலாறு

பதினோராம் மாதத்தில் சளியோடு முதல் மூச்சிளைப்பு வந்திருக்கிறது. அதன்பின் மழைக்காலந்தோறும் இரண்டு மூன்று முறை வந்தது. முழங்கை மடிப்பிலும் கால் முட்டிக்குப் பின்புறத்திலும் ‘கரப்பான்’ என்று வீட்டார் சொல்லும் தோல் தடிப்பு இரண்டு வயது வரை இருந்தது. தாய்க்கு நெல் புழுதி பட்டால் அடுக்குத் தும்மல் வரும். தந்தையின் தந்தைக்கு முதுமை வரை இளைப்பு நோய் இருந்ததாக அப்பாயி சொன்னார். சளி இல்லாத நாட்களிலும் ஓடி விளையாடினால் குழந்தை இருமியது. பின்னிரவு இரண்டு மூன்று மணிக்கு இருமி எழுந்தது. ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளிடம் ஊதிப் பார்க்கும் நுரையீரல் சோதனையை நம்பிச் செய்ய இயலாது என்பதால், இத்தகைய வரலாற்றையும் மருந்துக்குக் கிடைக்கும் பலனையும் வைத்தே ஆஸ்துமா என்ற முடிவுக்கு வர வேண்டியுள்ளது. இங்கு வரலாறு தெளிவாகவே இருந்தது.

ஆனால் அந்தப் பெயரை இக்குடும்பம் கேள்விப்பட நெடுநாள் ஆயிற்று. அதற்கு முன் ‘நெஞ்சுச் சளி’, ‘கபம் கட்டியிருக்கிறது’, ‘ஒத்துக்கொள்ளவில்லை’ எனப் பல பெயர்கள் சொல்லப்பட்டிருந்தன. ஒவ்வொரு முறையும் ஒரு ஆன்டிபயாடிக், ஒரு இருமல் சிரப், ஒரு சால்பியூட்டமால் சிரப் என்று மருந்துப் பை நிறைந்தது. சால்பியூட்டமாலைச் சிரப்பாகக் குடித்தால் அது வயிற்றுக்குச் சென்று, இரத்தத்தில் கலந்து, உடல் முழுவதும் சுற்றிய பிறகே மூச்சுக்குழலை அடைகிறது. அதனால் பலன் தாமதமாகிறது. கை நடுக்கமும் படபடப்பும் மிகுகின்றன. சிரப் குடித்த இரவுகளில் பிள்ளை தூங்காமல் துள்ளிக்கொண்டே இருந்தது என்று தாய் சொன்னது இதைத்தான்.

மூன்று வயதில் ஒரு மருத்துவர் ‘பிரைமரி காம்ப்ளக்ஸ்’ என்று சொல்லிக் காசநோய் மருந்தைத் தொடங்கியிருந்தார். இரண்டு மாதம் கொடுத்துவிட்டு வீட்டாரே நிறுத்திவிட்டனர். தமிழ்நாட்டில் அடிக்கடி இருமும் குழந்தைகளின் பெற்றோர் இந்தச் சொல்லைக் கேளாமல் இருப்பது அரிது. காசநோய் நம் நாட்டில் இன்னும் உள்ளதால் அதை ஐயுற்றுப் பார்ப்பதில் தவறில்லை. ஆனால் எடை குறையாமல், நீடித்த காய்ச்சல் இல்லாமல், வீட்டில் காசநோயாளி எவருமில்லாமல், மூச்சுக்குழலைத் தளர்த்தும் மருந்தால் மணிக்கணக்கில் அடங்கிவிடும் இருமலைச் சோதனை ஏதுமின்றிக் காசநோய் என்று தீர்மானித்தால், உண்மையான நோய் மருந்தின்றிக் கிடக்கிறது. நான் முதன்முதலில் பார்த்தபோது எடுத்த நெஞ்சு எக்ஸ்ரேயிலும், முன்கையில் ஊசி போட்டுப் பார்க்கும் மாண்டு சோதனையிலும் காசநோய்க்கான அறிகுறி இல்லை. வேர்க்கடலையோ புளியங்கொட்டையோ மூச்சுக்குழலில் சிக்கியிருந்தால் ஓசை பெரும்பாலும் ஒரு பக்கத்தில் மட்டும் கேட்கும். திடீரெனப் புரையேறிய நிகழ்ச்சி ஒன்றும் நினைவில் இருக்கும். இங்கு இரண்டும் இல்லை. இதய ஓசையும் இயல்பாகவே இருந்தது.

இடையில் வேறோரிடத்தில் மாண்டெலுகாஸ்ட் என்ற ஆஸ்துமா தடுப்பு மாத்திரையை 4 மில்லிகிராம் அளவில் கொடுத்துப் பார்த்திருக்கின்றனர். பத்து நாளில் குழந்தை இரவில் அலறி எழத் தொடங்கியதால் நிறுத்திவிட்டனர். நிறுத்தியது சரியே. இம்மருந்து சிலரிடம் கெட்ட கனவு, எரிச்சல், மனநிலை மாற்றம் ஆகியவற்றை உண்டாக்கலாம் என்பதற்காக 2020-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு தன் மிகக் கடுமையான எச்சரிக்கையை அதன் மீது பதித்தது. மாத்திரை எளிது என்பதற்காகவே இதை எழுதும் வழக்கம் குறைய வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

2022 ஜூனில் என்னிடம் வந்தபோது உள்ளிழுக்கும் ஸ்டீராய்டான ஃப்ளூட்டிகசோன் 50 மைக்ரோகிராம் தடுப்பு இன்ஹேலரை, முகமூடி பொருத்திய ஸ்பேசர் (இன்ஹேலரில் மாட்டும் பிளாஸ்டிக் குழாய்) வழியாக, காலை ஒன்று இரவு ஒன்று என்று எழுதினேன். இளைப்பு வரும்போது பயன்படுத்த 100 மைக்ரோகிராம் சால்பியூட்டமால் நிவாரண இன்ஹேலரையும் எழுதினேன். எப்படிப் பிடிக்க வேண்டும் என்று இரண்டு நிமிடம் காட்டினேன். செய்து காட்டச் சொல்லி நான் கேட்கவில்லை.

மருந்துக் கணக்கு

வீட்டுக்கு அனுப்பும் நாளன்று, இருக்கும் மருந்துகள் அனைத்தையும் எடுத்துவரச் சொன்னேன். தந்தை ஒரு மஞ்சள் பையில் கொண்டுவந்தார். தடுப்பு இன்ஹேலரில் 120 அடிகள் இருக்கும், ஒரு முறை அழுத்தினால் ஓர் அடி. நாளுக்கு இரண்டு என்றால் 60 நாளில் தீர்ந்திருக்க வேண்டும். ஏழு மாதத்தில் நான்காவது இன்ஹேலர் பாதியை எட்டியிருக்க வேண்டும். அவர் கொண்டுவந்தது முதலாவது. அதன் எண்காட்டியில் 83 என்றிருந்தது. ஏழு மாதங்களில் குழந்தை பெற்றது 37 அடிகள் மட்டுமே. நிவாரண இன்ஹேலரோ தீர்ந்துபோய், இரண்டாவது வாங்கப்பட்டிருந்தது. இந்த இரண்டு எண்களும் அந்த ஏழு மாதத்தின் கதையைச் சொல்லிவிட்டன.

ஏன் என்று கேட்டபோது தாய் தலைகுனிந்தார். பதில் சொன்னவர் அப்பாயி. “நல்லா இருக்குற புள்ளைக்கு எதுக்கும்மா தெனம் மருந்து? அடிச்சுப் பழகிட்டா அப்புறம் விட முடியாதுங்குறாங்களே.” அவர் மறைக்காமல் கேட்டதற்கு நான் இன்றும் நன்றியுடையவள். குழந்தையைப் பகல் முழுவதும் பார்த்துக்கொள்பவர் அவர்தான். தாய் காலையில் வேலைக்குச் செல்கிறார். தந்தை அறுவடை எந்திரம் ஓட்டுநர், தை மாசி இரண்டு மாதமும் ஊர் ஊராகச் சுற்றுபவர். மருந்து கொடுக்கும் கை யாருடையதோ அவரிடம் நான் ஜூனில் ஒரு சொல்லும் பேசியிருக்கவில்லை.

‘இளைப்பு’ என்ற சொல்லே நம்மிடம் ஒரு நிகழ்ச்சியைத்தான் குறிக்கிறது. வரும், போகும், போனபின் நோய் இல்லை என்றே பொருள்படுகிறது. ஆனால் ஆஸ்துமாவில் மூச்சிளைப்பு அடங்கிய பிறகும் மூச்சுக்குழலின் உட்சுவர் வீங்கிச் சிவந்தே இருக்கிறது. சால்பியூட்டமால் அக்குழலைச் சுற்றியுள்ள தசையைச் சில மணிநேரம் தளர்த்துமே தவிர, அந்த வீக்கத்தைத் தொடாது. வீக்கத்தைக் குறைப்பது நாள்தோறும் உள்ளிழுக்கும் ஸ்டீராய்டு. அது அன்றைக்கே பலன் காட்டுவதில்லை, வாரங்கள் எடுத்துக்கொள்கிறது. நிறுத்தினாலும் உடனே தீங்கு தெரிவதில்லை. இதனால்தான் அது பயனற்றதுபோல் தோன்றுகிறது. இதை நான் விளக்கிக்கொண்டிருந்தபோது, அதுவரை பேசாதிருந்த தந்தை, “தூர்வார்றது சித்திரை வைகாசியிலதானேம்மா, மேட்டூரு தொறந்தப்புறம் எப்புடித் தூர்வார்றது,” என்று தாயிடம் சொன்னார். நான் சொன்ன எல்லாவற்றையும்விட அப்பாயிக்கு எட்டியது அதுவே.

பழக்கமாகிவிடும் என்ற அச்சத்துக்குத் தனியாக விடை சொன்னேன். இது அடிமைப்படுத்தும் மருந்தன்று. அளவு மைக்ரோகிராமில் உள்ளது. பெரும்பகுதி நுரையீரலிலேயே வேலை செய்கிறது. தீமை எதுவும் இல்லை என்று நான் சொல்லவில்லை. அமெரிக்காவில் ஆஸ்துமா உள்ள குழந்தைகளைப் பல்லாண்டு பின்தொடர்ந்து 2012-இல் வெளியான ஆய்வில், நாள்தோறும் பியூடசனைடு என்ற ஸ்டீராய்டை 400 மைக்ரோகிராம் உள்ளிழுத்தவர்கள், வளர்ந்த பின் மற்றவர்களைவிடச் சராசரியாக 1.2 சென்டிமீட்டர் உயரம் குறைந்திருந்தனர். இதைச் சொல்லிவிட்டு, இக்குழந்தைக்குத் தரும் அளவு குறைந்தது என்பதையும், ஒவ்வொரு வருகையிலும் உயரம் அளக்கப்படும் என்பதையும், ஒவ்வொரு கடும் தாக்குதலுக்கும் வாய்வழி ஸ்டீராய்டு மில்லிகிராம் கணக்கில் போகிறது என்பதையும் சேர்த்துச் சொன்னேன். உண்மையை முழுதாகச் சொன்னால் மருந்தை நிறுத்திவிடுவார்கள் என்ற அச்சம் மருத்துவர்களிடையே உள்ளது. நான் கண்டவரை, அரைகுறையாகத் தெரிந்தவர்களே நிறுத்துகிறார்கள்.

கைப்பழக்கம்

பிறகு, செய்து காட்டச் சொன்னேன். அப்பாயி ஸ்பேசரை எடுத்தார். இன்ஹேலரைக் குலுக்கவில்லை. குழந்தை முகத்தைத் திருப்பியதும் முகமூடியை ஒரு விரற்கடை தள்ளிப் பிடித்தார். ஒரே மூச்சில் முடிந்துவிடட்டும் என்று இரண்டு அடிகளைச் சேர்த்து அடித்தார். ஸ்பேசரை வெந்நீரில் கழுவித் துணியால் நன்றாகத் துடைத்து வைப்பதாகப் பெருமையோடு சொன்னார். அன்போடு செய்யப்பட்ட இந்த நான்கு செயல்களாலும், கொடுத்த 37 அடிகளிலும் பெரும்பகுதி நுரையீரலுக்குப் போகவில்லை.

முகமூடிக்கும் கன்னத்துக்கும் நடுவே சிறு இடைவெளி இருந்தாலும் குழந்தை அதன் வழியே வெளிக்காற்றை இழுத்துவிடும். மருந்து குழாயிலேயே தங்கிவிடும். இரண்டு அடிகளைச் சேர்த்து அடித்தால் துகள்கள் ஒன்றோடொன்று மோதிச் சுவரில் படியும். பிளாஸ்டிக்கைத் துணியால் தேய்த்தால் நிலைமின்னேற்றம் உண்டாகி மருந்துத் துகள்களை ஈர்த்துக்கொள்ளும். ஆகவே சோப்பு கலந்த நீரில் அலசி, துடைக்காமல் நிழலில் வடியவிட வேண்டும். அழும் குழந்தைக்கு அடிப்பதும் பெரும்பாலும் வீண். அழுகையில் மூச்சு நீளமாக வெளியேறி, உள்ளே இழுப்பது குறுகிய விம்மலாகிவிடுகிறது. குலுக்கி, முகத்தோடு பொருத்தி, ஓர் அடி அடித்து, ஸ்பேசரின் வால்வு ஐந்தாறு முறை அசையும்வரை எண்ணி, பிறகு அடுத்தது. இதை அப்பாயி மூன்று முறை செய்த பின்பே விட்டேன். எண்ணுவதைக் குழந்தையிடமே கொடுத்தார் அவர். விரலை மடக்கி எண்ணும் ஆசையில் குழந்தை அசையாமல் இருந்தது. அந்த உத்தி எனக்குத் தோன்றியிருக்காது.

வீட்டுக்கும் ஒரு நெபுலைசர் வாங்கிவிடலாமா என்று தந்தை கேட்டார். தேவையில்லை என்றேன். ஸ்பேசர் வழியாகச் சரியாகக் கொடுக்கப்படும் சால்பியூட்டமால், குழந்தைகளிடம் நெபுலைசருக்குக் குறைவான பலனைத் தருவதில்லை, மின்சாரமும் வேண்டாம். ஸ்பேசர் வாங்க இயலாத வீடுகளுக்கு, அரை லிட்டர் பிளாஸ்டிக் பாட்டிலின் அடியில் இன்ஹேலரின் வாய் இறுக்கமாகப் பொருந்தும் துளையிட்டுப் பயன்படுத்தும் முறை இருக்கிறது. தென்னாப்பிரிக்காவில் நடத்தப்பட்டு 1999-இல் வெளியான ஆய்வொன்று, இடைவெளியின்றி இறுக்கப்பட்ட அத்தகைய பாட்டில் கடையில் வாங்கும் ஸ்பேசருக்கு ஈடாக வேலை செய்ததைக் காட்டியது.

வேளையை மறக்காதிருக்க, ஸ்பேசரை அலமாரியிலிருந்து எடுத்துப் பற்பசைக்குப் பக்கத்தில் வைக்கச் சொன்னேன். அடித்த பின் வாய் கொப்பளிப்பதும் முகத்தைத் துடைப்பதும் அவசியம். இல்லையேல் வாயில் வெண்படலம் படியலாம். பல் துலக்குவதற்குச் சற்று முன் அடித்தால் அதுவும் சேர்ந்து முடிந்துவிடும்.

வீட்டுச் சூழல்

படுக்குமிடம், அடுப்படி, வாசல் மூன்றையும் தந்தையின் கைப்பேசிப் படங்களில் பார்த்தேன். தாழ்வாரத்தை ஒட்டி வைக்கோல் போர். இரவில் கட்டிலுக்கடியில் கொசுவர்த்திச் சுருள். தலைக்குக் குளிப்பாட்டிய நாளெல்லாம் கூந்தலுக்குச் சாம்பிராணிப் புகை. சளி பிடித்தால் விரலி மஞ்சளைச் சுட்டு மூக்கருகே காட்டும் புகை. கற்பூரத்தைத் தேங்காயெண்ணெயில் காய்ச்சி நெஞ்சில் தேய்ப்பதும் உண்டு. தையில் இவற்றோடு அறுவடைத் தூசியும் சேர்கிறது. அறுவடை எந்திரம் கக்கும் உமித்தூசி தந்தையின் சட்டையில் ஒட்டி வீட்டுக்குள் வருகிறது. வந்ததும் குழந்தை ஓடிப்போய் அவர் மீதுதான் ஏறுகிறது.

எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றச் சொன்னால் எதுவும் மாறாது. புகையை முதலில் எடுத்துக்கொண்டேன். சுருளுக்குப் பதிலாகக் கொசுவலை. சாம்பிராணி குழந்தை வெளியே விளையாடும் நேரத்தில் மட்டும், அதுவும் பூசையறையில். கற்பூர எண்ணெயைக் கண்டிப்பாக நிறுத்தச் சொன்னேன், ஏனென்றால் கற்பூரம் தோல் வழியாகவோ வாய் வழியாகவோ உள்ளே சென்றால் சிறு குழந்தைகளுக்கு வலிப்பு வரலாம். தந்தை வயலிலிருந்து வந்ததும் பம்ப்செட்டில் குளித்து, சட்டையை வெளியிலேயே விட்டு வருவதாக ஒப்புக்கொண்டார். வைக்கோல் போரை நகர்த்த அப்போது இடமில்லை. வாழைப்பழமும் தயிரும் ‘குளிர்ச்சி’ என்று இரண்டு ஆண்டுகளாக நிறுத்தப்பட்டிருந்தன. உண்டபின் குழந்தைக்கு எதுவும் நேர்ந்ததாக எவருக்கும் நினைவில்லை. இரண்டையும் திரும்பக் கொடுக்கச் சொன்னேன். இந்த வயதில் பெரும்பாலான தாக்குதல்களைக் கிளப்புவது சளி உண்டாக்கும் வைரஸ்களே. அங்கன்வாடிக்குப் போகும் குழந்தைக்கு அவற்றை முழுதும் தடுக்க முடியாது.

தாக்குதல் நேரத்துக்கான குறிப்பை ஒரே தாளில் எழுதிக் கொடுத்தேன். எழுத்துக் கூட்டிப் படிக்கும் அப்பாயிக்காகச் சொற்களைக் குறைத்து, நிவாரண இன்ஹேலர் மீது ஒரு ரப்பர் வளையத்தை மாட்டிவிட்டேன். இளைப்புத் தொடங்கினால் வளையம் போட்டது இரண்டு அடி, ஒவ்வொன்றாக. அடங்காவிட்டால் 20 நிமிட இடைவெளியில் மேலும் இரு முறை. இரண்டு மணிநேரத்தில் ஆறு அடிகளுக்கு மேல் தேவைப்பட்டால் மருத்துவமனை. நெஞ்சு குழி விழுந்தாலோ, பேசவோ குடிக்கவோ முடியாமல் போனாலோ, உதடு நீலம் பாய்ந்தாலோ காத்திராமல் 108. வண்டி வரும்வரையிலும் வழியிலும் மருந்தை நிறுத்தக் கூடாது.

பின்தொடர்தல்

ஒரு வாரத்தில் வந்தபோது எண்காட்டி சரியாக இருந்தது. அந்த ஆண்டு பிப்ரவரி முதல் வாரத்தில் பருவம் தவறிய மழை டெல்டாவில் அறுவடைக்கு நின்ற சம்பாவைச் சாய்த்தது. நனைந்த வைக்கோல் தாழ்வாரத்திலேயே கிடந்து பூஞ்சை பிடித்தது. குழந்தை மூன்று இரவு இருமியது. வளையம் போட்ட இன்ஹேலரை அப்பாயியே கொடுத்தார். மருத்துவமனைக்கு வர வேண்டியிருக்கவில்லை. மாசிக் கடைசியில் வைக்கோல் போர் கொல்லைக்கு இடம் மாறியது. ஏப்ரலில் இரவு இருமல் இல்லை.

மூன்று மாதம் நோய் அடங்கியிருந்தால் மருந்தின் அளவைக் குறைத்துப் பார்க்கலாம் என்பது பொதுவிதி. மே மாதம் குறைத்தேன். இரவு ஒரு வேளை மட்டும். செப்டம்பர் இறுதியில் தாய்வழி ஊருக்குச் சென்று இரண்டு வாரம் தங்கியபோது தடுப்பு இன்ஹேலர் இங்கேயே விடுபட்டது. திரும்பியபோது ஐப்பசி மழையும் சளியும் சேர்ந்துகொண்டன. இம்முறை பகலிலேயே அழைத்துவந்தனர், ஆக்சிஜன் 94. மூன்று நாள் பிரெட்னிசலோனோடு வீட்டிலேயே தேறியது. மீண்டும் இரு வேளையாக்கினேன். அறுவடை முடியும்வரை குறைப்பதில்லை என்று அப்போது முடிவு செய்தேன். இப்பகுதிக் குழந்தைகளுக்கு மருந்தைக் குறைத்துப் பார்க்க ஏற்ற காலம் பங்குனி சித்திரைதான், ஐப்பசியிலிருந்து மாசி வரை அன்று என்பதை இப்போது என் வழக்கமாகவே கொண்டுள்ளேன். நாட்காட்டியில் மூன்று மாதம் எண்ணிவிட்டு நவம்பரில் குறைப்பவர் மழை, பனி, சளி, உமித்தூசி நான்கையும் குறைந்த மருந்தோடு எதிர்கொள்ளும்படி குழந்தையை விடுகிறார்.

2024 ஜனவரியில் தந்தை வழக்கம்போல எந்திரம் ஓட்டினார். நிவாரண மருந்து அம்மாதத்தில் இரண்டு நாள் தேவைப்பட்டது. முந்தைய ஜனவரியில் 98 சென்டிமீட்டராக இருந்த உயரம் 104.5 ஆகியிருந்தது. ஏப்ரலில் மீண்டும் ஒரு வேளையாகக் குறைத்தேன். அன்று அப்பாயி தினசரி நாட்காட்டியிலிருந்து கிழித்த தாள்களை ரப்பர் போட்டுக் கட்டி எடுத்துவந்திருந்தார். மருந்து கொடுத்த நாட்களின் தாளில் குங்குமப் பொட்டு வைத்திருந்தார். பொட்டில்லாத தாள்கள் ஆறு. அவை எந்தெந்த நாள், ஏன் விட்டது என்பதை ஒவ்வொன்றாகச் சொல்லிவிட்டு, இனி ஒரு வேளைதான் என்றால் பொட்டைக் காலையில் வைப்பதா இரவில் வைப்பதா என்று கேட்டார். இரவில் என்றேன்.